கச்சேரியைவிட லொறிப் பயணம் ஏன் பிடிக்குது? சுற்றுப்பயண றொக் படங்கள் பற்றி ஒரு கேள்வி

கோண்டாவில் கிற்றார்:

எல்லாருக்கும் வணக்கம். கன நாளா மனசுக்குள்ள கிடந்த கேள்வி இது.

போன கிழமை அயன் மெய்டன் எண்ட றொக் பாண்டின்ர 'ஃபிளைட் 666' படத்தை மூண்டாந்தரம் பாத்தனான். 2008இல ஒரு போயிங் 757 விமானத்தில ஆக்கள், அம்ப், ட்றம்ஸ் எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு 45 நாளில 23 கச்சேரி செய்த பயணம். பாடகர் புரூஸ் டிக்கின்சனே விமானத்தை ஓட்டுறார். மும்பாயில தொடங்குது.

மேடைக் காட்சியள் நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் திரும்பத் திரும்பப் போய்ப் பாக்கிற இடம் வேற. கொலம்பியாவில, போகொற்றாவில கச்சேரி முடிஞ்சு சனம் கலையுது. ஒருத்தன் ட்றம்ஸ் தடி ஒண்டைக் கையில பிடிச்சபடி நிக்கிறான். மேடையில இருந்து எறிஞ்சது அவன்ர கையில விழுந்திருக்கு. அழுகிறான். முகத்தை எங்க வைக்கிறதெண்டு தெரியாமல் அழுகிறான். கமரா அவனை விட்டு விலகேல்லை. அவ்வளவுதான் காட்சி.

நான் ஒரு றொக் கொன்சேட்டும் நேர பாத்ததில்லை. 2007இல அவை பெங்களூருக்கு வரேக்க எனக்கு எட்டு வயசு, அவையின்ர பேரும் தெரியாது. இப்ப தெரியும், ஆனா யாழ்ப்பாணத்துக்கு அப்பிடி ஒரு பாண்ட் வராது. பாட்டுத்தான் வேணுமெண்டால் போனில இதைவிட நல்ல சத்தத்தில கேக்கலாம். பிறகேன் பஸ்ஸுக்குள்ள வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொள்ளுற ஆக்களைப் பாக்க எனக்கு இவ்வளவு ஆசை? உங்களுக்கும் அப்பிடித்தானோ?

டைனமோ:

தம்பி, உம்மட கேள்விக்கு நேர மறுமொழி என்னட்ட இல்லை. ஒரு கதை இருக்கு.

1990இல சண்டையால யாழ்ப்பாணத்தில கரண்ட் நிண்டது. பற்றறியும் தடை. மாமா விட்டிட்டுப் போன நாலு கசெற்றும் ஒரு பிளேயரும் வீட்டில கிடந்தது. சைக்கிளை ஸ்ராண்டில ஏத்தி, பின் சில்லில டைனமோவைச் சாய்ச்சு, நடுவில டயோட் ஒண்டு வைச்சு வயரை பிளேயருக்குக் குடுப்பம். பெடலை ஒராள் கையால சுத்த வேணும். அண்ணன் சுத்துவார், நான் கேப்பன். பேந்து நான் சுத்துவன், அவர் கேப்பார். கை களைச்சால் பாடகரின்ர குரல் தடிச்சு இழுபடும். கெதியாச் சுத்தினால் கீச்சிடும். லெட் செப்பெலின் எண்ட றொக் குழுவை வருசக்கணக்கா அப்பிடித்தான் கேட்டனாங்கள். பிறகு கொழும்பில ஒரு கடையில சரியான வேகத்தில கேட்டபோது வேற ஆரோ பாடுறாங்கள் எண்டு நினைச்சன்.

அந்தக் கசெற்றுகளில முகம் இல்லை. உறை போட்டோகொப்பி, முழுக்கக் கறுப்பு. பாடுறவர் நெட்டையோ கட்டையோ தெரியாது.

2002இல யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை திறந்த பிறகு ஒரு சிநேகிதன் டிவிடி ஒண்டு கொண்டுவந்தான். லெட் செப்பெலின் 1973இல நியூயோர்க் மடிசன் ஸ்குயார் கார்டனில வாசிச்சதை வைச்சுச் செய்த படம், 1976இல வெளிவந்தது. மேடையை விடுங்கோ. அதில ட்றம்ஸ் அடிக்கிற ஜோன் பொனம் வீட்டில நிக்கிற மாதிரி ஒரு துண்டு வரும். அவற்ற சின்ன மகன் குட்டி ட்றம்ஸ் செற்றுக்கு முன்னால இருந்து அடிப்பான். தடி அவன்ர கைக்குப் பெரிசு. ஆறு வோல்ற்றில நான் கேட்ட இடிமுழக்கம் இந்த மனிசன் அடிச்சதோ, இவருக்கு இப்பிடி ஒரு பிள்ளையோ எண்டு அப்பிடியே இருந்திட்டன். பொனம் 1980இல செத்துப் போனார். 2007 டிசெம்பர் 10ஆம் திகதி லண்டனில லெட் செப்பெலின் திரும்ப ஒருநாள் வாசிச்சபோது அப்பாவின்ர இடத்தில இருந்து அடிச்சது அந்தப் பிள்ளைதான். ஜேசன் பொனம்.

எங்கட அண்ணன் டிவிடி வரேக்க இல்லை. அவருக்கு அந்த முகங்களைக் காட்டோணும் எண்டு இப்பவும் நினைப்பன்.

கத்தரிக்கோல்:

டைனமோ அண்ணை எழுதியதை வாசித்துவிட்டு இதை எழுதச் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும்.

இந்தப் படங்களில் பெரும்பாலானவை விளம்பரங்கள். கமராவை உள்ளே விடுவது இசைக்குழு. எதை வெட்டுவது என்று சொல்கிற உரிமையும் பல தடவைகளில் அவர்களிடமே இருக்கும். 1972இல் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் தங்கள் அமெரிக்கப் பயணத்தைப் படமாக்க ரொபேட் ஃபிராங்கை அழைத்தார்கள். பெரிய புகைப்படக் கலைஞர். அவர் கண்டதையெல்லாம் எடுத்தார். போதை, சலிப்பு, ஹோட்டல் அறைகளின் வெறுமை. படத்தைப் பார்த்த குழு அதை வெளியிட விடவில்லை. வழக்காகி, இயக்குநர் நேரில் இருந்தால் மட்டும் எப்போதாவது திரையிடலாம் என்ற நிலைக்கு வந்தது.

'த லாஸ்ற் வோல்ற்ஸ்' எடுத்துக்கொள்ளுங்கள். த பாண்ட் என்ற குழுவின் விடைபெறும் கச்சேரி. 1976 நவம்பர் 25, சான் பிரான்சிஸ்கோ. மார்ட்டின் ஸ்கோர்செசி 35 மில்லிமீற்றரில் எடுத்து 1978இல் வெளியிட்டார். அழகான படம், மறுக்கவில்லை. படத்தின் தயாரிப்பாளர் குழுவின் கிற்றார்காரர் றொபி றொபேட்சன். ட்றம்ஸ் அடித்துக்கொண்டே பாடிய லீவன் ஹெல்ம், கமரா றொபேட்சனையே சுற்றிச் சுற்றி வருகிறது என்று கடைசிவரை மனவருத்தப்பட்டார். தன் சுயசரிதையிலும் எழுதினார். ஐந்து பேர் வாசித்த குழு, ஒருவரின் கதையாகிவிட்டது.

ஆகவே தம்பி, பஸ்ஸுக்குள் நித்திரை கொள்கிறவர்களைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வைத்திருங்கள். 'இதைக் காட்டலாம்' என்று யாரோ ஒப்புதல் தந்த நித்திரை அது.

கோண்டாவில் கிற்றார்:

அண்ணை, நீங்கள் சொல்லுறது சரி. ஆனா மெற்றாலிக்கா எண்ட பாண்டின்ர 2004 படத்தை என்ன சொல்லுவியள்? ரெக்கோட் கம்பனி விளம்பரத்துக்கெண்டு தொடங்கினது. உள்ள பாத்தால் சண்டை, அழுகை, பேஸ் வாசிச்சவர் விலகிப் போறது, மாசம் 40,000 டொலர் குடுத்து ஒரு ஆலோசகரை நடுவில இருத்திப் பேசுறது. அதையெல்லாம் வெளியில விட்டவைதானே. தங்களை வடிவாக் காட்டோணும் எண்டு நினைக்கிறவை அப்பிடி விடுவினமோ?

பொக்ஸ்காரன்:

நான் சும்மா வாசிச்சிட்டுப் போறவன். ஸ்ரோன்ஸ் எண்ட பேர் வந்தபடியால் எழுதுறன்.

22 வருசமா கோஷ்டியளுக்குச் சவுண்ட்ஸ் போடுறன். கோயில் திருவிழா, பூங்காவனம், கலைவிழா எல்லாம். இங்கிலீசுப் பாட்டு எனக்கு விளங்காது. மருமகன் போனில ஒரு படம் காட்டினவன், 'கிம்மி ஷெல்டர்' எண்டு. 1969 டிசெம்பர் 6, கலிபோர்னியாவில ஓல்ரமொன்ற் எண்ட கார் ஓட்டப் பந்தயத் திடலில ஸ்ரோன்ஸின்ர இலவசக் கச்சேரி. மூண்டு லட்சம் சனம் எண்டினம். பாதுகாப்புக்கு நிண்டது மோட்டச்சைக்கிள் கூட்டம் ஒண்டு. மேடைக்கு முன்னால 18 வயசுப் பெடியன் ஒருத்தனைக் குத்திக் கொலை செய்துபோட்டாங்கள். மெரடித் ஹன்ரர்.

மருமகன் பாட்டைப் பாத்தான். நான் மேடையைப் பாத்தன். மேடை இடுப்பளவுதான் இருக்கு! அவ்வளவு சனத்துக்கு இடுப்பளவு மேடை! எனக்கு நெஞ்சு பக்கெண்டது. ஏனெண்டு தேடிப் பாக்கச் சொன்னன். வேற ஒரு இடத்தில, மேட்டில கட்டுறதுக்கெண்டு செய்த மேடையாம். மேட்டில எண்டால் சனம் மேல ஏறி வராது, அது போதும். கச்சேரிக்கு ரெண்டு நாளுக்கு முன்னம் இடத்தை மாத்தியிருக்கினம். புது இடத்தில மேடை சரிவின்ர அடியில. பின்னால நிக்கிற சனத்தின்ர பாரம் முழுக்க மேடையில வந்து விழும். உயர்த்த நேரம் இல்லை.

இது பாட்டுப் படமே இல்லை எனக்கு. வேலைப் படம். யாழ்ப்பாணம் முற்றவெளியில 2024 பெப்ரவரியில பெரிய கச்சேரி ஒண்டில தடுப்பு உடைஞ்சு சனம் உள்ள வந்ததை எல்லாருக்கும் தெரியும். அண்டைக்கு நான் வேலைக்குப் போகேல்லை, பார்வையாளனா நிண்டன். சனம் ஒருபக்கம் சாயேக்க தரை இழுக்கிற மாதிரி இருக்கும். அந்தப் படத்தில அதே சாய்வைக் கண்டனான். மேடையில நிண்டு ஸ்ரோன்ஸின்ர பாடகர் மிக் ஜாகர் 'அமைதியா இருங்கோ' எண்டு கெஞ்சுறார். மைக்கில கெஞ்சி அது நிக்காது.

கத்தரிக்கோல்:

பொக்ஸ்காரன் அண்ணை, இந்தப் படத்தைப் பற்றி நான் எத்தனையோ கட்டுரைகள் வாசித்திருக்கிறேன். மேடையின் உயரத்தை இந்தக் கண்ணோடு பார்த்துச் சொன்னவரை இப்போதுதான் சந்திக்கிறேன். நன்றி.

அதே படத்தில் இன்னொரு இடம். படத்தை இயக்கிய மேசில்ஸ் சகோதரர்களும் சார்லட் ஸ்வெரினும், எடுத்த காட்சிகளை, படத்தொகுப்பு மேசைக்கு முன்னால் ஜாகரை இருத்திக் காட்டுகிறார்கள். கத்தி தெரிகிற இடத்தைத் திருப்பி, மெதுவாக ஓட்டுகிறார்கள். பார்த்துவிட்டு அவர் எழுந்து போகிறார். தங்கள் கச்சேரியில் என்ன நடந்தது என்பதை மேடையில் நின்றவர்கள் கமரா வழியாகத்தான் சரியாகக் கண்டார்கள். விளம்பரம் என்று நான் பொதுவாகச் சொன்னதை இந்தப் படத்துக்குச் சொல்ல முடியாது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்படிப்பட்ட படங்கள் அந்தக் காலத்தில் ஏன் திடீரென்று வந்தன என்பதற்குக் கருவிதான் காரணம். முன்பு ஒலியோடு படம் எடுக்க, அசைக்க முடியாத கனமான கமரா வேண்டும். 1960 அளவில் தோளில் தூக்கும் 16 மில்லிமீற்றர் கமராவும், அதோடு ஒத்தோடும் சிறிய ஒலிப்பதிவுக் கருவியும் வந்தன. இரண்டு பேர் போதும். ஒருவர் கமரா, ஒருவர் மைக். ஹோட்டல் அறைக்குள், காருக்குள், மேடைக்குப் பின்னால் எங்கும் போகலாம். 1965இல் பாடகர் பொப் டிலன் இங்கிலாந்தில் செய்த பயணத்தை இயக்குநர் பென்னிபேக்கர் அப்படித்தான் தன் கையால் திருத்திய கமராவோடு எடுத்தார். 400 அடி றீல் ஒன்று ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். முடிந்தால் மாற்ற வேண்டும். மாற்றுகிற நேரத்தில் நடந்தது போனதுதான். 'த லாஸ்ற் வோல்ற்ஸ்' கச்சேரியில் விருந்தினராக வந்த புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் பாடியபோது மற்றக் கமராக்கள் எல்லாம் றீல் மாற்றிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு கமரா ஓடியது. அந்தக் கிழவரின் பாட்டு பெரும்பாலும் ஒரே பார்வையில் நமக்குக் கிடைத்தது அதனால்தான்.

மானிப்பாய் மழை:

இந்த இழையில எல்லாரும் அண்ணையும் தம்பியுமா இருக்கிறியள். நானும் சொல்லுறன்.

சின்னனில கோயில் வீதியில பாய் விரிச்சு, அம்மாவின்ர மடியில தலை வைச்சுக் கோஷ்டி பாத்தவள் நான். எனக்குப் பாடுறவையில கண் இல்லை. ஓகன் வாசிக்கிறவரின்ர விரல் எனக்குத் தெரியாது, மேடை உயரம். பின்னால போய்ப் பாக்கோணும் எண்டு ஆசை. மேடைக்குப் பின்னால தகரத்தால மறைச்ச ஒரு வாசல் இருக்கும், பெடியள் ஓடி ஓடிப் போய் எட்டிப் பாப்பாங்கள். நான் ஒருக்கால் எழும்பினன். அம்மா பாவாடையில பிடிச்சு இருத்திப்போட்டா. 'பொம்பிளைப் பிள்ளைக்கு அங்க என்ன வேலை?'

கோண்டாவில் தம்பி கேட்ட கேள்விக்கு என்ர மறுமொழி அதுதான். இந்தப் படங்கள் என்னை அந்தத் தகர வாசலுக்குள்ள கூட்டிக்கொண்டு போகுது. அங்க ஆர் கேபிள் சுத்துறது, ஆர் பயத்தில சத்தி எடுக்கிறது, ஆர் சுவரைப் பாத்துக்கொண்டு தனிய நிக்கிறது எல்லாம் பாக்கலாம்.

த கோ-கோஸ் எண்ட பெண்கள் குழுவைப் பற்றி 2020இல ஒரு படம் வந்தது. 1980இல இங்கிலாந்துக்குப் பயணம் போன இடத்தில மொட்டைத் தலைக் கூட்டம் அவையில துப்பியிருக்கு. மேல எச்சில் வடிய வடிய வாசிச்சவை. 1982இல அவையின்ர இசைத்தட்டு அமெரிக்காவில முதலிடத்துக்கு வந்தது. தாங்களே எழுதி தாங்களே வாத்தியம் வாசிச்ச பெண்கள் குழு அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல்தரம். அந்தப் படத்தைப் பாத்த இரவு எனக்கு நித்திரை வரேல்லை. 41 வயசில ஓகன் பழகத் தொடங்கியிருக்கிறன். ரெண்டு கையும் சேத்து இன்னும் வரேல்லை, வரும்.

டைனமோ:

அக்கா, கட்டாயம் வரும்.

பனிப்பொழிவு:

ரொறன்ரோவில இருந்து எழுதுறன். ஊர் சுன்னாகம், வந்து கன வருசம்.

'அன்வில்' படம் ஒருத்தரும் சொல்லேல்லையே! 2008இல வந்தது. அன்வில் எண்டது இஞ்சத்தை ரொறன்ரோ பாண்ட். 1984இல யப்பானில ஸ்கோர்ப்பியன்ஸ், வைற்ஸ்னேக், பொன் ஜோவி எல்லாரோடையும் பெரிய மைதானங்களில வாசிச்சவை. மற்றவை எல்லாம் மேல போச்சினம். இவை மட்டும் போகேல்லை. படம் தொடங்கேக்க பாடகர் லிப்ஸ் ஐம்பது வயசில பனிக்குள்ள வான் ஓட்டிப் பள்ளிக்கூடங்களுக்குச் சாப்பாடு குடுக்கிறார். ட்றம்ஸ் அடிக்கிற றொப் ரைனர் கட்டட வேலை. ரெண்டு பேரும் பதினாலு வயசில இருந்து சிநேகிதர்.

நானும் இந்த ஊரில சாப்பாட்டு வான் ஓட்டினவன். அந்தக் குளிரில கதவைத் திறந்து பெட்டி இறக்கேக்க விரல் எப்பிடி விறைக்குமெண்டு எனக்குத் தெரியும். படத்தில அவர் பெட்டி தூக்கேக்க நான் அவர்ர விரலைத்தான் பாத்தன்.

பிறகு ஐரோப்பாப் பயணம். றெயிலைத் தவற விடுகினம். வெறும் மண்டபங்களில வாசிக்கினம். பிராகாவில வழிதவறிப் பிந்திப் போய் வாசிச்சு முடிக்க, இடத்துக்காரன் காசு தரமாட்டன் எண்டுறான். லிப்ஸ் அவனோட கைகலக்கப் போறார். இவ்வளவும் எடுத்தது சாச்சா கேர்வாசி, சின்ன வயசில அவையின்ர சாமான் தூக்கிப் பயணம் போன ரசிகன்.

கடைசியில யப்பானில திரும்ப வாசிக்கக் கூப்பிடுகினம், காலமை நேரத்தில. ஆர் வருவினம் எண்டு பயந்து பயந்து மேடைக்கு நடக்கினம். மண்டபத்தில சனம் நிறைஞ்சு நிக்குது. தியேட்டரில என்னோட இருந்த முழுச் சனமும் எழும்பிக் கத்தினது. பாண்ட் அங்க இல்லை, திரைதான். திரைக்குக் கை தட்டினம்.

பொக்ஸ்காரன்:

பிராகா கதை எங்களுக்கும் இருக்கு.

ஊர்ப் பேர் சொல்லமாட்டன். ஒரு கோயில். பன்ரண்டு பாட்டுக்கு மேல பாடியாச்சு, சாமம் ரெண்டரை. மழை வந்து சனம் கலைஞ்சிட்டுது. உபயகாரர் வந்து 'சனம் இல்லாத கச்சேரிக்குப் பாதிக் காசுதான்' எண்டார். மழையை நாங்களோ பேசிக் கூட்டிவந்தது? பாடகர் அண்ணை ஒண்டும் பறையேல்லை. பொக்ஸுக்கு மேல படங்கு விரிச்சு நாங்கள் நனைஞ்சு நிண்டம். பொக்ஸ் நனைஞ்சால் கோன் போயிடும், ஆக்கள் நனைஞ்சால் துடைக்கலாம். வீட்டை வர விடிஞ்சிட்டுது. அந்தக் காசை எண்ணிப் பிரிச்சபோது ஓக்ரபாட் அடிக்கிற சின்னவனுக்குத்தான் முதலில குடுத்தவர்.

அண்டைக்கு ஒரு கமரா நிண்டிருக்கோணும்.

கோண்டாவில் கிற்றார்:

அண்ணை, இதை வாசிச்சிட்டு நாலைஞ்சுதரம் எழும்பி நடந்திட்டன்.

சிகுர் றோஸ் எண்ட ஐஸ்லாந்துக் குழு உலகம் சுத்தி வந்து, 2006 கோடையில சொந்த நாட்டில ஊர் ஊராப் போய்க் காசில்லாமல் வாசிச்சது. 'ஹெய்மா' எண்டு படம் இருக்கு. கைவிட்ட மீன் தொழிற்சாலை ஒண்டுக்குள்ள, ஊர் மண்டபங்களில. கிழவி ஒராள் கதிரையில, பிள்ளையள் தரையில. பாக்கப் பாக்க எனக்கு எங்கட கோயில் வீதிதான். எங்கட கோஷ்டியள் எத்தினை வருசமா உப்பிடி ஊர் ஊராத் திரியினம். அந்தப் பயணத்தை ஆராவது எடுத்திருக்கினமோ?

கத்தரிக்கோல்:

கோஷ்டிப் பயணத்தை எடுத்த படம் எதையும் நான் பார்த்ததில்லை. பாடல்களின் வீடியோக்கள் உண்டு, திருமண வீடியோக்காரர்கள் எடுத்த மேடைப் பதிவுகள் உண்டு. தவில் மேதை தெட்சணாமூர்த்தி பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் இந்தியாவில் தேசிய விருது பெற்றது. ஆனால் தெட்சணாமூர்த்தி 1975இலேயே மறைந்துவிட்டார். அவரைப் பற்றிய படத்தை அவரில்லாமல்தான் எடுக்க முடிந்தது. கண்டவர்கள் சொல்கிறார்கள், நாம் கேட்கிறோம். சாமம் ரெண்டு மணிக்கு வாசித்துக் களைத்து அவர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று இனி யாராலும் காட்ட முடியாது.

றீல் 11 நிமிடத்தில் முடிகிற காலமும் போய்விட்டது. தம்பி, உங்கள் கையில் போன் இருக்கிறதுதானே?

பொக்ஸ்காரன்:

வர்ற சனிக்கிழமை பூங்காவனம் ஒண்டு இருக்கு, தென்மராட்சிப் பக்கம். லொறி பின்னேரம் 3 மணிக்கு வெளிக்கிடும். முன்னுக்கு இடம் இல்லை, பின்னால பொக்ஸோட இருக்கலாம். கயிறைப் பிடிச்சுக்கொண்டு இருக்கோணும். விருப்பமெண்டால் தனிமடல் போடும்.

கோண்டாவில் கிற்றார் (மூன்று கிழமைக்குப் பிறகு):

போனனான். இதுவரை ரெண்டு பயணம்.

ஓகன் வாசிக்கிற ஐயா ஓகனைப் போர்வையால சுத்தி மடியில வைச்சுக்கொண்டு வந்தவர். பக்கத்தில இடம் இருந்தது, இறக்கி வைக்கச் சொன்னன். 'கைதடிப் பாலம் தாண்டட்டும், றோட்டு உலுப்பும்' எண்டார். தாண்டின பிறகும் வைக்கேல்லை. அதை ஒன்பது நிமிசம் எடுத்து வைச்சிருக்கிறன்.

சாமம் ஒரு மணிக்குக் கிற்றார் கம்பி அறுந்திட்டுது. மாற்றுக் கம்பி இல்லை. வாசிக்கிற அண்ணை அறுந்த கம்பியைச் சுருட்டிப் பொக்கெற்றுக்குள்ள வைச்சிட்டு, மிச்சம் அஞ்சிலயும் விடியுமட்டும் வாசிச்சவர். கீழ இருந்த ஒருத்தருக்கும் தெரியாது.

இப்ப கேள்வி இதுதான். ரெண்டாவது இடத்தில திரும்பவும் காசுப் பிரச்சினை. கதைச்சுக்கொண்டிருக்கேக்க போன் ஓடிக்கொண்டிருந்தது. ஒராள் கண்டிட்டு 'நிப்பாட்டு' எண்டார். நான் கையைக் கீழ விட்டிட்டன், ஆனா நிப்பாட்டேல்லை. படத்தில செருப்புக் கால்களும் ஈரமண்ணும்தான் தெரியுது. சத்தம் முழுக்க இருக்கு. பாடகர் அண்ணையின்ர குரல் நடுங்குறதும் இருக்கு. அதை வைக்கிறதோ வெட்டுறதோ? கத்தரிக்கோல் அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ.

கத்தரிக்கோல்:

நான் சொல்லக்கூடாது. குரல் யாருடையதோ அவரிடம் கேளுங்கள். அவருக்குப் போட்டுக் காட்டுங்கள், பக்கத்தில் இருங்கள். வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்.

பொக்ஸ்காரன்:

நேற்றுப் பின்னேரம் தம்பி கொண்டுவந்து போட்டுக் காட்டினவர். அண்ணை ரெண்டுதரம் கேட்டவர். ரெண்டாந்தரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர். பிறகு சொன்னது இது: 'சண்டையை வெட்டவேண்டாம். ஊர்ப் பேரை மட்டும் வெட்டு. அந்த ஊர்ச் சனம் என்ர பாட்டுக்கு நல்லாக் கை தட்டினது.'

சனிக்கிழமை திரும்பவும் லொறி. 3 மணி. போனமுறை சாமம் மூண்டு மணியோட உம்மட போன் செத்திட்டுது, விடியக்காலமை பாட்டு ஒண்டும் எடுபடேல்லை. சார்ஜுக்கு ஏதும் ஒழுங்கு செய்துகொண்டு வாரும்.

டைனமோ:

பெரிய பவர்பாங்க் ஒண்டு என்னட்டக் கிடக்கு தம்பி. ரெண்டேகாலுக்குக் கோண்டாவில் சந்தியில நிப்பன், வந்து எடும்.